இரவு அழைப்புக்கு எழுந்து வருபவர்: மலபாரின் தணிப்புப் பராமரிப்பும் அதன் கருவிகளும்

நீலகிரி மாவட்டத்தின் கூடலூரிலிருந்து மேற்கே இறங்கும் நாடுகாணி மலைப்பாதை தமிழ்நாட்டையும் கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தையும் இணைக்கிறது. உதகைக்கு ஏறி அங்கிருந்து கோவைக்கு இறங்குவதைவிட இவ்வழியே கீழிறங்குவது எளிது என்பதால், கூடலூர் வட்டாரத்துத் தேயிலைத் தோட்டக் குடும்பங்களில் பல, கடும் நோய் வந்துவிட்டால் பெருந்தல்மண்ணையின் மருத்துவமனைகளையும் கோழிக்கோட்டு அரசு மருத்துவக் கல்லூரியையும் நாடுகின்றன. மலையின் வளைவுகளில் கைபேசிச் சமிக்ஞை அறுந்தும் சேர்ந்தும் வர, வழிக்கடவு என்னும் எல்லையூரை அடைந்தபின் அது நிலைபெறுகிறது. நோயாளிக்கும் அவரைப் பார்த்துக்கொள்பவருக்கும் தொழில்நுட்பம் எந்த அளவுக்குத் துணைநிற்கிறது என்பதை அறிய விரும்பும் பயணிக்கு, நாடுகாணியில் தொடங்கி நிலம்பூர், மஞ்சேரி, கோழிக்கோடு வழியாகத் திருவனந்தபுரம் வரை செல்லும் இந்தப் பாதையைவிடப் பொருத்தமான வேறொன்று இந்தியாவில் இல்லை.

அதற்குக் காரணம் கேரளத்தின் தணிப்புப் பராமரிப்பு. புற்றுநோய், சிறுநீரகச் செயலிழப்பு, பக்கவாதம், இயக்க நரம்பணு நோய் போன்று முழுமையாகக் குணமாக்க இயலாத அல்லது நெடுங்காலம் உடனிருக்கும் நோய்களில், வலி, மூச்சுத்திணறல், படுக்கைப்புண், மனச்சோர்வு, பணநெருக்கடி ஆகிய துன்பங்களைக் குறைப்பதைத் தன் முதற்கடமையாகக் கொண்ட மருத்துவம் அப்பெயரால் வழங்குகிறது. நோயாளியோடு குடும்பத்தையும் ஒரே அலகாகக் கருதுவது அதன் தனித்தன்மை. 2010-இல் லண்டனின் எகனாமிஸ்ட் ஆய்வுப் பிரிவு 40 நாடுகளில் இறுதிக்காலப் பராமரிப்பின் தரத்தை ஒப்பிட்டு வெளியிட்ட பட்டியலில் இந்தியா கடைசி இடத்தில் இருந்தது. அதே அறிக்கை, நாட்டு மக்கள்தொகையில் 3 சதவீதத்தை மட்டுமே கொண்ட கேரளம் நாட்டின் தணிப்புப் பராமரிப்புச் சேவைகளில் மூன்றில் இரண்டு பங்கை அளிப்பதாகவும் குறித்தது. கடைசி இடத்துக்குள்ளே ஒளிந்திருந்த இந்த விதிவிலக்கைக் காண அப்போது முதல் பல நாட்டு மருத்துவர்கள் மலபாருக்கு வந்துசெல்கின்றனர்.

மலையிறங்கி வரும் நோயாளிக்கு எல்லையே முதல் சிக்கல். கேரளத்தில் தணிப்புப் பராமரிப்பு உள்ளாட்சி வார்டு வாரியாக அமைந்தது. நோயாளியின் பதிவும் செவிலியரின் வருகையும் அவருடைய வீட்டு முகவரியைச் சார்ந்தவை. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் வீட்டுக்கே வந்து மாத்திரை தருவதோடு தணிப்புப் பராமரிப்பையும் இயன்முறை மருத்துவத்தையும் தன் பணிகளில் சேர்த்திருப்பதால், கூடலூர்க்காரர் ஊர் திரும்பியபின் ஆதரவற்றவர் ஆகிவிடுவதில்லை. எனினும் கோழிக்கோட்டில் தொடங்கிய மருந்தின் அளவு, அது எப்போது, ஏன் மாற்றப்பட்டது என்னும் விவரம் ஆகியவை, குடும்பத்தார் கையிலுள்ள நெகிழி உறைக்குள் மடித்த காகிதமாகவே மலையேறுகின்றன. 2021 செப்டம்பரில் நாடெங்கும் விரிவுபடுத்தப்பட்ட ஆயுஷ்மான் பாரத் மின்னணு இயக்கத்தின் 14 இலக்க நலவாழ்வு எண், இத்தகைய ஆவணங்கள் நோயாளியின் ஒப்புதலோடு ஒரு மருத்துவமனையிலிருந்து மற்றொன்றுக்குச் செல்வதற்கெனவே வகுக்கப்பட்டது. எண்ணைப் பெறுவது எளிது. இருபுறமும் உள்ள மருத்துவமனைகள் அன்றாடக் குறிப்புகளை அதில் ஏற்றினால்தான் அது பயன்படும். அதுவரை நெகிழி உறையே நம்பகமான தொழில்நுட்பம் எனக் கொள்வதில் தவறில்லை.

வழிக்கடவைக் கடந்தால் சாலியாற்றின் பள்ளத்தாக்கு விரிகிறது. 1840-களில் மலபார் ஆட்சியர் கனோலி நடுவித்த தேக்குத் தோட்டம் நிலம்பூருக்குப் புகழ் தந்தது. 1927-இல் முடிந்த ஷொரணூர் கிளை ரயில்பாதை அந்த மரத்துக்காகவே வந்தது. 2019 ஆகஸ்டில் பெய்த பெருமழையில் அருகிலுள்ள கவளப்பாறையில் மலை சரிந்து 50-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததும் இப்பகுதியின் அண்மை வரலாறே. மின்சாரமும் தொலைபேசிக் கோபுரமும் ஒருசேர வீழ்ந்துவிடக்கூடிய நிலத்தில் நோயாளிகளுக்கான ஏற்பாடு எதுவாயினும், அது கம்பியை மட்டும் நம்பி நிற்கக்கூடாது என்னும் பாடத்தை இங்குள்ளோருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

இந்த ஏற்பாட்டின் வேர் கோழிக்கோட்டில் உள்ளது. 1993-இல் அங்குள்ள அரசு மருத்துவக் கல்லூரியின் மயக்கவியல் பேராசிரியர் மருத்துவர் எம். ஆர். ராஜகோபால், மருத்துவர் கே. சுரேஷ்குமார் ஆகியோரும் நண்பர்களும் வலி மற்றும் தணிப்புப் பராமரிப்புச் சங்கத்தைத் தொடங்கினர். புறநோயாளி அறையில் ஒரு சிறு மூலையாக இருந்த அந்த முயற்சி சில ஆண்டுகளில் உலகச் சுகாதார நிறுவனத்தின் முன்மாதிரித் திட்டமானது. ஆயினும் வலி மிகுந்தவர்கள் மருத்துவமனை வரை வர இயலாதவர்கள் என்னும் எளிய உண்மை அதன் எல்லையை விரைவில் காட்டிவிட்டது. 1999-க்குப் பின் மலப்புறம் மாவட்டத்தில் உருப்பெற்ற அண்டை அயலார் தணிப்புப் பராமரிப்பு வலைப்பின்னல் அந்த எல்லையை மக்களைக் கொண்டு கடந்தது: வாரத்துக்கு இரண்டு மணி நேரமேனும் ஒதுக்கக்கூடிய எவரும் தன்னார்வலராகலாம், 16 மணி நேர வகுப்பும் நான்கு நாள் களப்பயிற்சியும் பெறவேண்டும், பணம் பெருங்கொடையாளர்களிடமிருந்து அன்றி, கடைக்காரர்கள், மாணவர்கள், பேருந்து ஊழியர்கள் போடும் சிறுதொகைகளிலிருந்து வரவேண்டும் என்பன அதன் விதிகள். 2008-இல் கேரள அரசு, இந்தியாவில் முதன்முதலாக, தணிப்புப் பராமரிப்புக்கெனத் தனிக் கொள்கையை வெளியிட்டு, ஊராட்சிகள் செவிலியரை அமர்த்தி வீட்டுப் பராமரிப்பை நடத்தும் பொறுப்பை ஏற்கச் செய்தது. மாநிலத்தில் 941 கிராம ஊராட்சிகள் உள்ளன என்பதையும், 2011 கணக்கெடுப்பின்படி மலப்புறத்தில் மட்டும் 41 லட்சம் பேர் வாழ்ந்தனர் என்பதையும் நினைவில் கொண்டால்தான் அப்பொறுப்பின் பரப்பு விளங்கும்.

தொழில்நுட்பத்தைப் பற்றிய கட்டுரையில் இவ்வளவு மனிதக் கணக்கு எதற்கு என்னும் கேள்வி எழலாம். மலபாரில் கணினித் திரை வருவதற்கு முன்பே வீட்டுக் கதவைத் தட்டும் ஆள் இருந்தார்; பின்னர் வந்த ஒவ்வொரு கருவியும் அந்த ஆளின் கையில்தான் அமர்ந்தது. பிற இடங்களில் இவ்வரிசை தலைகீழாகிறது: செயலி முதலில் வருகிறது, அது எழுப்பும் எச்சரிக்கைக்கு எழுந்து வரவேண்டியவரைப் பிறகு தேடுகின்றனர், அல்லது தேடாமலே விட்டுவிடுகின்றனர்.

மஞ்சேரியைச் சுற்றிய கிராமங்களில் 'ஹோம்கேர்' என்றே அழைக்கப்படும் வீட்டுப் பராமரிப்பு வண்டி காலையில் புறப்படுகிறது. ஓட்டுநர், செவிலியர், ஓரிரு தன்னார்வலர்கள், சில நாள்களில் மருத்துவர் ஆகியோர் அதில் செல்வர். செவிலியரை வீட்டார் 'சிஸ்டர்' என்கின்றனர், அவர் வீட்டின் மூத்த பெண்ணை 'உம்மா' என்றோ 'சேச்சி' என்றோ விளிக்கிறார். பையில் சிறுநீர்க் குழாய், மூக்கின் வழியே உணவு செலுத்தும் குழாய், புண்ணுக்கான பஞ்சும் துணியும், ரத்த அழுத்தமானி ஆகியவற்றோடு மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்து வைத்த சிறு பொட்டலமும் இருக்கும். புற்றுநோய்ப் புண்ணில் பெருகும் காற்றில்லா நுண்ணுயிரிகளே துர்நாற்றத்துக்குக் காரணம் என்பதால், அவற்றைக் கொல்லும் இந்த மலிவான பொடியைப் புண்ணின்மேல் தூவினால் நாற்றம் பெருமளவு அடங்குகிறது. மகனும் மகளும் தட்டை வாசலில் வைத்துவிட்டு விலகிப்போன வீட்டில், அவர்களை மீண்டும் கட்டிலருகே அமரச்செய்வது பல நேரங்களில் இந்தப் பொடிதான். விலையையும் விளைவையும் ஒப்பிட்டால் இதற்கு நிகரான தொழில்நுட்பம் அரிது.

வலிக்கான மார்ஃபின் மாத்திரையின் கதையும் அத்தகையதே. வாய்வழி உட்கொள்ளும் சாதாரண மார்ஃபினின் செயல் ஏறத்தாழ நான்கு மணி நேரம் நிற்கும். வலி வந்தபின் கொடுப்பதைவிட, வருமுன் கடிகாரப்படி கொடுப்பதே 1986-இல் உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த நெறி. காலை 6, 10, பிற்பகல் 2, மாலை 6 எனக் கொடுத்து, இரவு 10 மணிக்கு இருமடங்கு அளவு தந்துவிட்டால், நோயாளியும் பார்த்துக்கொள்பவரும் நள்ளிரவில் எழாமல் உறங்கலாம் என்பது மருத்துவர்கள் வழக்கமாகத் தரும் அறிவுரை. இந்த அட்டவணையை நினைவூட்ட, எந்தச் செயலியும் பதிவிறக்காமல், கைபேசியில் ஏற்கெனவே உள்ள அலாரமே போதும். எழுத்தறியாத முதியவருக்குச் சூரியன், நிலவுப் படங்கள் வரைந்த மாத்திரை உறைகள் உதவுகின்றன. மார்ஃபின் மலச்சிக்கலை ஏற்படுத்துவது உறுதி என்பதால் மலமிளக்கியும் உடன் எழுதப்பட வேண்டும். அதை மறந்த மருந்துச்சீட்டு, வலியைக் குறைத்துவிட்டு வேறொரு வேதனையைத் தொடங்கிவைக்கும்.

வீட்டுக்குக் கடனாக வழங்கப்படும் கருவிகளுள் மிகுதியாகக் கேட்கப்படுபவை காற்று மெத்தையும் ஆக்சிஜன் செறிவூட்டியும் ஆகும். முன்னது, அடுத்தடுத்துள்ள குழல்களுள் ஒன்றுவிட்டு ஒன்றாகக் காற்றை நிரப்பியும் இறக்கியும் உடலின் ஒரே இடத்தில் அழுத்தம் நிலைக்காமல் பார்த்துக்கொள்கிறது. படுக்கைப்புண்ணைத் தவிர்க்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியைப் புரட்டிப்போடும் வேலையை அது குறைக்குமே தவிர நீக்காது. மெத்தை வந்துவிட்டதென்று புரட்டுவதை நிறுத்திய வீடுகளில் புண் வருவதாகச் செவிலியர்கள் திரும்பத் திரும்ப எச்சரிக்கின்றனர். பின்னது, அறைக்காற்றிலுள்ள நைட்ரஜனை ஜியோலைட் என்னும் கனிமச் சல்லடையில் பிடித்துக்கொண்டு, 21 சதவீதமான ஆக்சிஜனை 90 சதவீதத்துக்கு மேல் செறிவூட்டித் தருகிறது. உருளை மாற்றும் தொல்லை இல்லை. ஆனால் மின்சாரம் போன கணத்தில் அது வெறும் பெட்டி. மழைக்கால மலபாரில் இக்கவலை சிறிதன்று. எனவே மின்தடையின்போது பயன்படுத்த ஒரு சிறு உருளையை அருகே வைத்திருக்கச் சொல்கின்றனர். கேரள மின்வாரியமும் வீட்டில் இத்தகைய உயிர்காப்புக் கருவிகளைப் பயன்படுத்தும் வசதிகுறைந்த நோயாளிகளுக்கு மின்கட்டணத்தில் சலுகை அளிக்கிறது. கருவியின் விலையைக் கொடையாளர் தருவார், ஆனால் அதை மாதக்கணக்கில் ஓட்டும் செலவைத் தருபவர் யார் என்னும் கேள்விக்கு விடைகாணும் இத்தகைய ஏற்பாடுகள் செய்தித்தாளில் இடம்பெறுவதில்லை. கருவியை வழங்கும் விழாப்படம் இடம்பெறுகிறது.

மலப்புறத்தின் வீடுகளில் இன்னொரு கருவி எப்போதும் ஒளிர்ந்துகொண்டிருக்கும். ஒவ்வொரு தெருவிலும் வளைகுடா நாடுகளில் வேலை செய்யும் மகனோ மருமகனோ உண்டு. நோயாளியின் செலவைச் சுமப்பவரும் முடிவுகளில் பெருங்குரல் உடையவரும் பெரும்பாலும் அவரே. காணொளி அழைப்பில் தாயின் முகத்தைக் காண்பதும், மருத்துவரோடு நேரடியாகப் பேசுவதும், கடைசி நாள்களில் கட்டிலருகே கைபேசியை நிறுத்திவைத்து உடனிருப்பதும் இருபது ஆண்டுகளுக்கு முன் இல்லாத ஆறுதல்கள். ஆயினும் நாட்டுக்கு நாடு விதி மாறுகிறது: சவூதி அரேபியா இணையவழிக் குரல் அழைப்புகள் மீதான தடையை 2017-இல் தளர்த்தியபோதும், ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப் அழைப்புத் தடை தொடர்ந்ததால், அங்குள்ளோர் போட்டிம் போன்ற உரிமம் பெற்ற செயலிகளைக் கட்டணம் செலுத்திப் பயன்படுத்தி வந்தனர். தொலைவிலிருப்பவரின் குற்றவுணர்வு திரையின் வழியே கட்டளையாக மாறிவிடுவதும் உண்டு. குளுக்கோஸ் ஏற்றவில்லையா, வேறு மருத்துவமனைக்குக் கொண்டுபோகவில்லையா என்னும் கேள்விகளுக்கு விடை சொல்லவேண்டியவர், இரவு முழுவதும் கண்விழித்த மருமகள். தொழில்நுட்பம் குடும்பத்தை இணைக்கிறது என்னும் பொதுக்கூற்றில் அவருடைய பங்கு கணக்கில் வருவதில்லை.

பார்த்துக்கொள்பவரின் சுமையை அளக்கக் கருவிகள் இல்லாமல் இல்லை. அமெரிக்க உளவியலாளர் ஸ்டீவன் சாரிட் 1980-இல் உருவாக்கி, பின்னர் 22 வினாக்களாகச் சுருக்கப்பட்ட வினாப்பட்டியல் உலகெங்கும் வழக்கில் உள்ளது: தமக்கென நேரம் இல்லையா, உடல்நலம் கெடுகிறதா, கோபம் வருகிறதா என அது கேட்கிறது. ஆனால் வினாவுக்கு விடை சொல்லிமுடித்த பெண்ணுக்கு இரண்டு மணி நேர ஓய்வு தர ஆளில்லாவிடில், அந்த அளவீடு ஆய்வாளருக்கு மட்டுமே பயன்படும். மலபாரின் தன்னார்வலர் அமைப்பு இவ்விடத்தில்தான் மற்றவற்றிலிருந்து வேறுபடுகிறது.

அத்தன்னார்வலர்களின் அன்றாட ஒருங்கிணைப்பு இன்று வாட்ஸ்அப் குழுக்களில் நடக்கிறது. எந்த வீட்டில் கட்டில் தேவை, யாருடைய மெத்தை திரும்ப வந்துள்ளது, எவருக்கு ரத்தம் வேண்டும் என்பன நொடியில் பரவுகின்றன. இவ்விரைவுக்கு ஒரு விலை உண்டு. நோயாளியின் பெயர், வீட்டு அடையாளம், சில நேரங்களில் புண்ணின் படம் ஆகியன நூறு பேர் கொண்ட குழுவில் இடப்படும்போது, அந்த ஊரிலேயே வாழ்ந்து அந்த ஊரிலேயே மகளுக்கு மணம் முடிக்கவேண்டிய குடும்பத்தின் மறைபொருள் தெருவுக்கு வந்துவிடுகிறது. 2023-இல் இயற்றப்பட்ட மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒப்புதல் இன்றித் தரவைக் கையாளலாகாது என்கிறது. எனினும் நல்லெண்ணத்தோடு படத்தைப் பகிரும் பக்கத்துவீட்டுக்காரரைச் சட்டம் திருத்துவது கடினம், பயிற்சி வகுப்பே திருத்தவேண்டும். 2025-இல் கேரள அரசு தொடங்கிய மாநில அளவிலான தணிப்புப் பராமரிப்பு வலையமைப்பு, நோயாளிகளையும் அரசு, தொண்டு அமைப்புகளையும் தன்னார்வலர்களையும் ஒரே தளத்தில் பதிவுசெய்து, ஒரே வீட்டுக்கு மூன்று வண்டிகள் செல்வதையும் அடுத்த வீட்டுக்கு ஒன்றும் செல்லாததையும் தவிர்க்க முனைகிறது. முறையான பதிவேடு வந்தால் குழுக்களில் படம் பகிரும் தேவை குறையலாம். மறுபுறம், நாளெல்லாம் புண் கட்டிய செவிலியர் மாலையில் அமர்ந்து அதே விவரத்தைப் பதிவேட்டிலும் திரையிலும் இருமுறை எழுதும் நிலை வந்தால், அத்தளம் அவருடைய வருகைகளைத்தான் குறைக்கும்.

மறைபொருள் பற்றிய பேச்சு இன்னொரு நுட்பமான சிக்கலையும் நினைவூட்டுகிறது. மலையாளக் குடும்பங்களிலும் தமிழ்க் குடும்பங்களிலும் நோயின் பெயரை நோயாளியிடம் சொல்லாமல் மறைப்பது பரவலான வழக்கம். தணிப்பு மருத்துவர்கள் அதை உடைத்தெறியாமல், நோயாளி எவ்வளவு அறிய விரும்புகிறார் என்பதை மெல்ல அறிந்து, குடும்பத்தையும் உடன் அழைத்துச்செல்லப் பயின்றவர்கள். இப்போது திசுப் பரிசோதனை அறிக்கை ஆய்வகத்திலிருந்து நேரே நோயாளியின் கைபேசிக்கு வருகிறது. பல அமர்வுகளில் நிகழவேண்டிய உரையாடலை ஒரு குறுஞ்செய்தி முடித்துவிடுகிறது. சொற்களைப் படித்தவருக்கு அவற்றின் பொருளை விளக்க அருகில் எவரும் இல்லை. அறியும் உரிமை நோயாளிக்கு உண்டு என்பதில் ஐயமில்லை. தனியே அறியவேண்டும் என்று அந்த உரிமை சொல்லவில்லை.

மஞ்சேரியிலிருந்து மேற்கே கடலை நோக்கிச் சென்றால், சாலியாறு பேப்பூரில் கடல்சேரும் இடத்துக்குச் சற்று வடக்கே கோழிக்கோடு. மருத்துவக் கல்லூரி வளாகத்திலுள்ள தணிப்பு மருத்துவ நிறுவனம், சமூகப் பங்கேற்புத் துறையில் உலகச் சுகாதார நிறுவனத்தின் ஒத்துழைப்பு மையமாக விளங்குகிறது. வளாகத்தின் காலை வரிசையைப் பார்க்கும் எவருக்கும், இத்தனை பேரும் நேரில்தான் வரவேண்டுமா என்னும் வினா எழுவது இயல்பு. அதற்கான மிக உறுதியான விடைகள் வேறொரு கண்டத்திலிருந்து வந்துள்ளன. நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில் ஈதன் பாஷ் குழுவினர், பரவிய புற்றுநோய் உடைய 766 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர் தம் வலி, வாந்தி, மூச்சுத்திணறல் முதலியவற்றை இணையவழிப் படிவத்தில் தாமே பதியச் செய்தனர். தொல்லை கடுமையானால் செவிலியருக்கு மின்னஞ்சல் எச்சரிக்கை சென்றது. 2017-இல் வெளியான முடிவின்படி, பதிந்த பிரிவினரின் இடைநிலை ஆயுள் 31.2 மாதங்கள், வழக்கமான சிகிச்சைப் பிரிவினருடையது 26 மாதங்கள். இவ்வேறுபாட்டைக் கண்டு பல நிறுவனங்கள் படிவத்தை மட்டும் நகலெடுத்தன. அதே ஆய்வில் எச்சரிக்கைகளில் நான்கில் மூன்றுக்கும் மேற்பட்டவற்றுக்குச் செவிலியர்கள் ஏதேனும் ஒரு செயலால் விடையளித்தனர் என்னும் செய்தி அவ்வளவு கவனம் பெறவில்லை. நீடித்தது படிவத்தின் ஆயுளன்று, கவனிக்கப்பட்டவர்களின் ஆயுள்.

2024-இல் வெளியான மற்றோர் அமெரிக்க ஆய்வு, 22 புற்றுநோய் மையங்களில் முற்றிய நுரையீரல் புற்றுநோய் உடைய 1,250 பேரிடம், காணொளிவழித் தணிப்புப் பராமரிப்பு நேரடிச் சந்திப்புக்கு நிகரான வாழ்க்கைத் தரத்தை அளிப்பதாகக் கண்டது. தொலைவு பெருந்தடையாக உள்ள நாட்டுக்கு இது நற்செய்தி. ஆயினும் அதே ஆய்வில் காணொளிச் சந்திப்புகளில் குடும்பத்தார் பங்கேற்பது நேரடிச் சந்திப்பைவிடக் குறைவாக இருந்தது: ஏறத்தாழ 37 சதவீதத்துக்கு எதிராக 50 சதவீதம். மருத்துவமனைக்கு நோயாளியை அழைத்துவருபவர் அறைக்குள்ளும் வந்துவிடுகிறார்; வீட்டில் திரை திறக்கும்போது அவர் அடுக்களையிலோ வேலையிலோ இருக்கக்கூடும். மலபாரின் வீட்டு வருகையில் மருத்துவர் காணொளியில் தோன்ற, செவிலியர் கட்டிலருகே நிற்க, மருமகளும் அழைக்கப்பட்டு அமரும் கலப்புமுறை இக்குறையை ஓரளவு ஈடுசெய்கிறது.

கோழிக்கோட்டிலிருந்து திருவனந்தபுரத்துக்கு ரயிலில் சுமார் 400 கிலோமீட்டர். நிலையங்களின் பெயர்கள் கடந்துபோகும் இந்நெடும்பயணத்தை, தலைநகரின் மண்டலப் புற்றுநோய் மையத்துக்கு மறுபரிசோதனைக்காகச் சென்ற மலபார் நோயாளிகள் ஒரு தலைமுறைக்காலம் மேற்கொண்டனர். ஐந்து நிமிடப் பேச்சுக்காக இரண்டு இரவுகள் ரயிலில் கழிந்தன. 1981-இல் தோன்றிய அம்மையமும் சி-டாக் என்னும் அரசுக் கணினி ஆய்வு நிறுவனமும் 2000-களின் தொடக்கத்தில் ஆன்கோநெட் என்னும் வலையமைப்பால் பிற ஊர்களின் மையங்களை இணைத்து, அத்தகைய மறுபரிசோதனைகளைத் தொலைவிலிருந்தே நடத்த முயன்றன. இணைய வேகம் மிகக் குறைவாக இருந்த காலத்து முயற்சி அது. பின்னர் கைபேசியில் இயல்பாகிவிட்ட ஒன்றை முன்கூட்டியே செய்துபார்த்த பெருமை அதற்குண்டு.

திருவனந்தபுரத்தில், ராஜகோபால் 2003-இல் தோற்றுவித்த பாலியம் இந்தியா அமைப்பு, சேவையோடு பயிற்சியையும் சட்டச் சீர்திருத்தத்தையும் தன் பணியாகக் கொண்டது. பயிற்சிக்கு அது கைக்கொண்ட வழிகளுள் ஒன்று, நியூமெக்சிகோ பல்கலைக்கழகத்தின் சஞ்சீவ் அரோரா 2003-இல் கல்லீரல் அழற்சி நோய்க்காகத் தொடங்கிய எக்கோ முறை. வல்லுநர்கள் சிலர் ஒரு மையத்திலும், பல ஊர்களின் மருத்துவர்கள் தத்தம் இடத்திலும் இருந்து காணொளியில் கூடுகின்றனர்; ஊர் மருத்துவர் தம் நோயாளியின் நிலையைப் பெயர் நீக்கி விவரிக்க, அனைவரும் விவாதிக்கின்றனர். இங்கே வல்லுநர் நோயாளியைப் பார்ப்பதில்லை, ஊர் மருத்துவரே வல்லுநராக வளர்கிறார். தொலைமருத்துவத்தின் பல வடிவங்களில் அறிவு அழைப்பு முடிந்ததும் மையத்துக்கே திரும்பிவிடுகிறது. இதில் அது ஊரில் தங்குகிறது என்பதால், நீண்டகால நோக்கில் இதுவே மேலானது.

மார்ஃபின் பற்றிய சட்டத்தின் வரலாறு நெடியது, இங்கு வேண்டிய அளவே கூறப்படும். மருத்துவத்துக்கான அபினைச் சட்டப்படி விளைவித்து ஏற்றுமதி செய்யும் இந்தியாவில், 1985-இன் போதைப்பொருள் சட்டம் விதித்த கடும் தண்டனைகளுக்கும் பலவகை உரிமங்களுக்கும் அஞ்சி மருந்தகங்கள் மார்ஃபினைக் கைவிட்டதால், 1997-க்குள் அதன் மருத்துவப் பயன்பாடு 97 சதவீதம் வீழ்ந்தது. ஒரு தலைமுறை மருத்துவர்கள் அம்மருந்தை எழுதாமலே பயின்று வெளிவந்தனர். 2014-இன் திருத்தம் இன்றியமையாப் போதைமருந்துகள் என்னும் வகையை வரையறுத்து, மாநிலம் ஏற்பளிக்கும் ஒரே உரிமத்தால் மருத்துவமனைகள் அவற்றை வைத்திருக்க வழிசெய்தது. மார்ஃபின், மெத்தடோன், ஃபென்டனில் உள்ளிட்ட ஆறு மருந்துகள் அவ்வகையில் சேர்ந்தன.

ஆனால் நாடு முழுதும் ஊரடங்கு தொடங்கிய 2020 மார்ச் 25 அன்றே வெளியான தொலைமருத்துவ நெறிமுறைகள், அச்சட்டத்தின் கீழ்வரும் எந்த மருந்தையும் தொலைவழியே எழுதக்கூடாது என்று தடுத்தன. அதே நெறிமுறைகள் நோயாளியின் சார்பில் அவரைப் பார்த்துக்கொள்பவர் மருத்துவரோடு பேசுவதை முறைப்படி ஏற்றுக்கொண்டன. அவ்வகையில் அவை முற்போக்கானவை. ஆயினும் அந்தத் தடையின் விளைவாகத் திரையில் வரும் மருத்துவர் வாந்திக்கும் மலச்சிக்கலுக்கும் மருந்து எழுதலாம், அச்சத்தைத் தணிக்கலாம், புண்ணைப் பார்க்கலாம்; நோயாளி எதற்காக அழைத்தாரோ அந்த வலிக்கான மருந்தை மட்டும் எழுத இயலாது. தவறான பயன்பாட்டைத் தடுப்பது நியாயமான நோக்கமே என்றாலும், ஏற்பு பெற்ற நிறுவனத்தில் முன்பே நேரில் பார்க்கப்பட்ட நோயாளிக்கு அளவைக் கூட்டவும் தொடரவும் தனி வழி வகுத்திருந்தால் அந்நோக்கம் கெட்டிருக்காது.

இத்தடையால், குடும்பத்தில் ஒருவர் பதிவு அட்டையோடு பேருந்தேறி, மார்ஃபின் வழங்கும் மையத்தின் வரிசையில் நின்று, கணக்குப் புத்தகத்தில் கையெழுத்திட்டு அடுத்த தவணைக்கான மாத்திரைகளைப் பெற்றுத் திரும்பவேண்டியுள்ளது. இருவர் மட்டுமே உள்ள வீட்டில், ஒருவர் கட்டிலில் கிடக்க மற்றவர் போய்வரும் அந்த முற்பகலில் கட்டிலருகே அமர்ந்திருப்பதற்கு ஓர் ஆள் தேவை. மலப்புறத்துத் தன்னார்வலர் குழுவின் கைபேசிக்கு அடுத்தடுத்து வரும் கோரிக்கைகளுள் இதுவும் ஒன்று.